ஏழு நிமிஷத்தில் வந்த பக்கம்

முதலில் ஒன்று சொல்லுங்கள். என் வீட்டு விலாசத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

தீர்த்தகிரியா? அவரேவா? "என்னைப் பத்தி விசாரிக்கணும்னா எங்க ஆபீஸ்ல அம்சவேணி அக்காவைக் கேளுங்க" என்று அவர் வாயாலேயே சொன்னாரா?

ஏன் என்னைச் சொன்னார்? எங்கள் கம்பெனியில் நூற்று நாற்பது பேர் இருக்கிறோம். கேன்டீனில் அவர் டிபன் டப்பாவிலேயே கை விட்டுச் சாப்பிடுகிற பையன்கள் இருக்கிறார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னை எதற்குச் சொல்ல வேண்டும்? அதுவும் நாளைக்கு அவருக்கு வேலை இருக்குமா போகுமா என்று தெரியாத நேரத்தில்? அதையும் சொன்னாரா! ஆபீஸில் ஒரு தப்பு நடந்துவிட்டது, வேலை போனாலும் போகலாம், விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றா சொன்னார்? பெண் கேட்கிற இடத்தில் யாராவது இப்படிச் சொல்வார்களா? உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா? எனக்குத் தோன்றுகிறது.

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். அரூரிலிருந்து பஸ்ஸிலா வந்தீர்கள்? பெண்ணுக்கு அத்தை என்கிறீர்கள். அண்ணன் தான் வராமல் தங்கையை அனுப்பியிருக்கிறார். விவரமானவர்தான். ஆம்பளைகள் விசாரித்தால் "நல்ல பையன், குடிக்க மாட்டான்" என்பதோடு முடிந்துவிடும்.

கொஞ்சம் இருங்கள், ஜன்னலைச் சாத்திவிட்டு வருகிறேன். எதிர்வீட்டு அம்மா ஒரு துண்டைக் காயப்போட அரை மணி நேரம் நிற்பாள்.

நான் யாரைப் பற்றியும் தப்பாகப் பேச மாட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், அதற்குமேல் உங்கள் பாடு.

எங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று சொன்னாரா? சாஃப்ட்வேர் என்றிருப்பார். எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். நாங்கள் செய்வது புத்தகம். வெளிநாட்டு டாக்டர்கள் பார்க்கிற மருந்துக் கையேடு. ஆயிரத்துச் சொச்சம் மருந்து, நாலாயிரம் பக்கம். எந்த மருந்து எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கக் கூடாது, எல்லாம் அதில் இருக்கும். வாரா வாரம் அங்கிருந்து எதையாவது மாற்றி அனுப்புவார்கள். நாங்கள் அதை ஏற்றி, பக்கமாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஏற்றுவது என்றால் வெறும் எழுத்துதான். இது தலைப்பு, இது அளவு, இது அடிக்குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாளம் போட்டுவிடுவோம். அது பக்கமாக வருவதற்கு ஸ்டைல் ஷீட் என்று ஒன்று இருக்கிறது. பெரிய சமாசாரம் ஒன்றுமில்லை, விதிகள். தலைப்பு வந்தால் பெரிய எழுத்தில் போடு, அடிக்குறிப்பு வந்தால் எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்தின் அடியில் வை, இப்படி. கம்ப்யூட்டர் அந்த விதிகளைப் பார்த்துப் பார்த்துப் புத்தகத்தை மாற்றும். அதை ரன் என்போம். காலை ஒன்பதரைக்கு ரன் போட்டால் இரண்டரைக்குப் பக்கம் வரும். ஐந்து மணி நேரம். ஏழு வருஷமாக அப்படித்தான். யாரும் செத்துப்போகவில்லை.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். அப்புறம் டைப்ரைட்டிங். என் விரலுக்கு இருக்கிற இங்கிலீஷ் எனக்குக் கிடையாது. சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் வராது. ஆனால் இரண்டு இங்கிலீஷ் பக்கத்தை அருகருகே வைத்தால், எந்த எழுத்து மாறியிருக்கிறதோ அங்கே என் கண் போய் நின்றுவிடும். அர்த்தம் தெரிந்தவர்களுக்கு அது வராது, அவர்கள் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். நான் படிக்க மாட்டேன். பார்ப்பேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் பதினான்கு டைப் அடித்தேன், பிறகு சரிபார்க்கும் பிரிவுக்குப் போட்டார்கள். அங்கே ஐந்து பெண்கள். நான்தான் மூத்தவள்.

பொங்கல் கழிந்து தீர்த்தகிரி வந்தார். ஆறு மாதம் புரொபேஷன். வந்த காரணமே அந்த ஐந்து மணி நேரத்தைக் குறைப்பதுதான். மாற்றம் அனுப்பினால் அன்றே சரிபார்த்த பக்கம் வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று கஸ்டமர் சொல்லிவிட்டானாம். எங்கள் மேனேஜர் ஜெபசிங் சார் மீட்டிங் போட்டுச் சொன்னார்.

வந்தவர் தன் இடத்தில் உட்கார வேண்டுமா இல்லையா? என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு நோட்டு.

"அக்கா, நீங்க வேலை செய்யறதைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"எதுக்கு?"

"ரன் ஏன் லேட்டாகுதுன்னு தெரிஞ்சுக்கணும்."

"ரன் கம்ப்யூட்டர்ல ஓடுது தம்பி. என் மடியில ஓடலை."

சிரித்தார். கோபம் வரவில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம். மற்றவர்கள் என்னை மேடம் என்பார்கள். இவர் முதல் நாளே அக்கா. இரண்டு தடவை கேட்காமலேயே டீ வாங்கி வந்து வைத்தார். யாராவது காரியமில்லாமல் டீ வாங்கித் தருவார்களா? நான் ஒரு தடவை குடிக்கவில்லை. ஆற விட்டுவிட்டேன். "ஆறிடுச்சே, வேற வாங்கிட்டு வரட்டுமா?" என்கிறார்.

என் பயம் உங்களுக்குப் புரிய வேண்டும். என் வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில் இருந்தார். முதுகெலும்பு பிசகி மூன்று வருஷமாக வீட்டில். உள்ளேதான் படுத்திருக்கிறார். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். ரன் ஐந்து மணி நேரம் ஓடுகிற வரைக்கும் ஐந்து பெண்கள் வேண்டும். அது அரை மணியில் முடிந்தால், எதற்கடா ஐந்து பேர் என்று எவனாவது கேட்க மாட்டானா? வேகப்படுத்த ஒரு ஆள் வந்தால் அடுத்தபடியாக வீட்டுக்கு அனுப்ப ஒரு ஆள் வருவான். நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு வாரம் பார்த்தபின் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு ஸ்கிரீனைக் காட்டினார். முழுக்க எழுத்து. நடுவில் விரல் வைத்தார்.

"அக்கா, இந்த ரெண்டு சாய்கோட்டைப் பாருங்க. இதுதான் உங்க அஞ்சு மணி நேரம்."

இரண்டு கோடு. சாய்ந்த கோடு. ஐந்து மணி நேரமாம்! என் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார். ஒவ்வொரு அடிக்குறிப்பு எண் வரும்போதும் அந்தக் குறிப்பு எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தேட வேண்டும். இந்த இரண்டு கோடு இருந்தால், புத்தகத்தின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை தேடு என்று அர்த்தமாம். நாற்பதாயிரம் அடிக்குறிப்பு. நாற்பதாயிரம் தடவை நாலாயிரம் பக்கத்தையும் முதலிலிருந்து தேடுகிறது.

"ஒரு தபால்காரர் ஒவ்வொரு லெட்டருக்கும் ஊர் முதல் வீட்டுலேர்ந்து கதவைத் தட்டி, இது உங்களுதா, இது உங்களுதான்னு கேட்டுட்டே வந்தா எப்படி இருக்கும்?"

"தப்பான வீட்டுல போடமாட்டார்ல?" என்றேன்.

"அதுவும் சரிதான் அக்கா" என்று நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார்? நான் சொன்னதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

அப்புறம் அந்தக் 'கீ' விவகாரம். புதிதாக ஒரு கீ போடப்போகிறேன் என்று ஜெபசிங் சாரிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. கீ என்றால் சாவி என்பதுகூடவா எனக்குத் தெரியாது? சாவி போடுகிறான் என்றால் பூட்டுகிறான். பூட்டிவிட்டுச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டால் நாளைக்கு நாங்கள் ஃபைலைத் திறக்க இவன் காலில் விழ வேண்டும். மதியச் சாப்பாட்டின்போது நாலு பேரிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் அக்கவுன்ட்ஸ் பெண் வரை போய், அவள் தன் டிராயரைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாளாம்.

மறுநாள் அவரே வந்து விளக்கினார். பூட்டெல்லாம் இல்லை. தேடுவதற்கு முன்பே புத்தகத்தை ஒரே ஒரு தடவை படித்து, எந்த எண் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுமாம். அதற்குப் பெயர்தான் கீ. பிறகு குறிப்பு வேண்டுமானால் பட்டியலைப் பார்த்து நேராக அங்கே போய்விடும். "உங்களுக்குச் சந்தேகம் வந்தா என்கிட்டயே கேளுங்க அக்கா" என்றார். யார் போய்ச் சொன்னது என்று நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

காபி வேண்டாமா? சரி. இனிமேல் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள், பதினொரு மணி இருக்கும், வந்து கேட்டார்.

"அக்கா, ஒரே ஒரு சந்தேகம். ஒரு மருந்துல இருக்கிற குறிப்பு நம்பர் இன்னொரு மருந்துலயும் வருமா?"

"ஏன்?"

"பழைய விதி, நம்பரோட மருந்துப் பேரையும் சேர்த்துச் சரிபார்க்குது. எதுக்குன்னு தெரியலை. எழுதினவங்க இப்போ இல்லை. நம்பர் திரும்ப வராதுன்னா பேரைப் பார்க்கிற வேலையே வேண்டாம். இங்க எல்லாரையும்விடப் பழைய ஆள் நீங்கதான். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"வராது" என்றேன்.

"நிச்சயமா?"

"ஒவ்வொண்ணுக்கும் தனி நம்பர் போடணும்னுதான் ரூல். எழுதியே இருக்கு."

நோட்டில் எழுதிக்கொண்டார். தேதி போட்டார், என் பெயர் போட்டார். நான் எட்டிப் பார்த்தேன்.

ரூல் அப்படித்தான் இருந்தது. பொய் இல்லை. மருந்தின் குறியீடு ஆறு எழுத்து, அதோடு குறிப்பு எண்ணைச் சேர்த்து அடிக்க வேண்டும். ஆனால் ஏழு வருஷத்துக்கு முன்னால் அந்தப் புத்தகம் முதன்முதலில் வந்தபோது எல்லோரையும் விரட்டோ விரட்டென்று விரட்டினார்கள். 'பி' என்ற எழுத்தில் தொடங்குகிற மருந்துகள் எனக்கு வந்தன. ஒவ்வொரு குறிப்புக்கும் ஆறு எழுத்து அடிப்பதற்குள் கை கழன்றுவிடும். நான் என்ன செய்தேன், ஆறு எழுத்தை விட்டுவிட்டு ஒவ்வொரு மருந்துக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று முதலிலிருந்து போட்டுக்கொண்டு போனேன். பாதி நேரத்தில் முடித்துவிட்டேன். கம்பெனியிலேயே அதிவேகமாக டைப் அடித்தது நான்தான் என்று மேடை போட்டு ஹாட்பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். ஃபோட்டோ இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

அப்போதிருந்த புரோகிராமர் லில்லி மேடம். நல்ல மாதிரி. ஒரு மருந்தின் குறிப்பு இன்னொரு மருந்துக்கு அடியில் வருவதைக் கண்டுபிடித்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அம்சா, நம்பரெல்லாம் இடிக்குதே. திரும்ப அடிக்க நேரமில்லை. விடுங்க, மருந்துப் பேரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி விதியில போட்டுடறேன். ரன் கொஞ்சம் இழுக்கும்" என்றார். இழுத்தது. அதுவரை ஒன்றரை மணி நேரம் ஓடியது, அப்புறம் ஐந்து மணி. யாரும் கேட்கவில்லை. லில்லி மேடம் கல்யாணமாகிக் கனடா போய்விட்டார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

என்னம்மா அப்படிப் பார்க்கிறீர்கள்? ரன் தாமதமானதற்கு இரண்டு சாய்கோடுதான் காரணம் என்று அவரே சொன்னார். நான் சொல்லவில்லை.

அவர் வந்து கேட்டதும், இவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, என் வாயால் வரவழைக்கத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். ஒரு வாரம் பக்கத்தில் உட்கார்ந்ததும், டீ வாங்கிக் கொடுத்ததும், அக்கா அக்கா என்றதும் எல்லாம் இதற்குத்தான் என்று தோன்றியது. "வரும்" என்றால் ஏன் வரும், யார் அடித்தது என்று அடுத்த கேள்வி. அதனால் வராது என்றேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

அவர் 'ஏ', 'சி' எழுத்து மருந்துகளை ஓட்டிப் பார்த்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. அதெல்லாம் வேறு பெண்கள் ரூல்படி அடித்தது. அப்புறம் முழுப் புத்தகத்தையும் ஓட்டினார். ஏழு நிமிஷம்! எல்லோரும் கை தட்டினார்கள். ஜெபசிங் சார் கேசரி வாங்கி வரச் சொன்னார். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து மணி நேரத்து வேலையை ஏழு நிமிஷத்தில் செய்தால் எதையோ விட்டுவிட்டுச் செய்கிறது என்றுதானே அர்த்தம்? நாலாயிரம் பக்கத்தைப் புரட்டவே ஏழு நிமிஷம் போதாது.

"அக்கா, இன்னும் எதையும் அனுப்பலை. பழைய பக்கத்தையும் புதுப் பக்கத்தையும் நீங்க பார்த்துச் சொன்ன பிறகுதான். எங்கயாவது மாறியிருந்தா என்னைக் கூப்பிடுங்க" என்றார்.

முந்நூறு பக்கம் பார்த்தேன். அப்படியே இருந்தது. ஒரு கமா கூட இடம் மாறவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. வரிசையாகப் பார்ப்பதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு முந்நூற்று ஒன்றாம் பக்கத்துக்குப் போகாமல் கை நேராக 'பி'க்குப் போனது. ஏன் போனது என்று கேட்காதீர்கள்.

இரண்டாவது மருந்திலேயே கிடைத்தது. ஒன்றாம் எண் குறிப்பு. பழைய பக்கத்தில் இரண்டு வரி, புதுப் பக்கத்தில் ஒரு வரி. 'பி'யில் முதல் மருந்தின் குறிப்பு இங்கே வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த மருந்திலும் அதே. அதற்கடுத்ததிலும் அதே. எல்லா ஒன்றாம் எண்ணுக்கும் முதல் மருந்தின் குறிப்பு.

அவர் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். தம்பி என்று கூப்பிட்டால் திரும்பியிருப்பார்.

நான் பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஜெபசிங் சாரின் கண்ணாடி அறைக்குப் போனேன். உள்ளே கஸ்டமருடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்கள், தீர்த்தகிரியின் வேலையைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டக்கூட இல்லை. "ஏழு நிமிஷத்துல வந்தது இதுதான் சார்" என்று மேஜை மேல் போட்டேன். சார் கை ஜாடையில் போகச் சொன்னார். நான் போகவில்லை. திரையில் இருந்த வெள்ளைக்காரம்மா அது என்ன காகிதம் என்று கேட்டாள். காட்ட வேண்டியதாகிவிட்டது.

அந்த அம்மா பக்கத்தைப் படித்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

தீர்த்தகிரியைக் கூப்பிட்டார்கள். பக்கத்தைப் பார்த்தார். இரண்டே நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நம்பர் திரும்ப வராதுன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?" என்று சார் கேட்டார்.

நான் அங்கேயேதான் நின்றிருந்தேன். கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நோட்டு அவர் கையில்தான் இருந்தது.

"நான் அப்படி எடுத்துக்கிட்டேன் சார். எல்லா எழுத்தையும் ஓட்டிப் பார்த்திருக்கணும். என் தப்பு."

என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலாவது பரவாயில்லை. முறைத்திருந்தால் நானும் முறைத்திருப்பேன்.

நீங்களே சொல்லுங்கள். கையில் நோட்டு இருக்கிறது, தேதி இருக்கிறது, என் பெயர் இருக்கிறது. காட்ட வேண்டியதுதானே? ஏன் காட்டவில்லை? எதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்? இருபத்து இரண்டு நாளாக நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. ஒரு மனிதன் திருப்பி அடித்தால் புரிந்துகொள்ளலாம். அடிக்காமலே இருந்தால் எப்போது அடிப்பான் என்று எப்படித் தெரியும்?

அன்றைக்கே ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிட்டார். பட்டியலில் எண்ணோடு மருந்துப் பெயரையும் சேர்த்துவிட்டார், அவ்வளவுதான். ஏழு நிமிஷம் ஒன்பதாயிற்று. நாங்கள் ஐந்து பேரும் நாலாயிரம் பக்கத்தையும் மறுபடி பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தது. இனிமேல் தினம் பக்கம் வரும், சரிபார்க்க இன்னும் இரண்டு பெண்கள் வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதிலும் ஏதோ இருக்கிறது. என்னவென்றுதான் தெரியவில்லை.

ஆனால் கஸ்டமர் விடவில்லை. உயிர் சம்பந்தப்பட்ட புத்தகம், கேட்காமல் கொள்ளாமல் விதியை மாற்றுகிற ஆளை வைத்திருக்கிறீர்களா என்று ஹெட் ஆபீசுக்கு எழுதிவிட்டார்கள். கேட்காமல் கொள்ளாமலாம்.

அந்தப் பக்கமும் அதன் பழைய பக்கமும் என்னிடம் இருக்கின்றன. ஆபீஸிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் வெளியே போகக் கூடாது, தெரியும். டிபன் பைக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். பின்னால் எதற்காவது வேண்டியிருக்குமே என்றுதான். மகளிடம் காட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். இரண்டையும் படித்துவிட்டு, "அம்மா, ஒண்ணுல கல்லீரல் கெட்டவங்களுக்குப் பாதி அளவுதான் கொடுக்கணும்னு இருக்கு. இன்னொண்ணுல சாப்பிட்ட பிறகு கொடுன்னு மட்டும் இருக்கு. இதை நம்பிக் கொடுத்தா ஆள் போயிடும்மா. யார் பண்ண வேலை இது?" என்றாள்.

ஆபீஸில் ஒரு புதுப் பையன் என்றேன்.

என் மகளிடம் அப்படித்தான் சொன்னேன். "அவனையெல்லாம் வேலைக்கு வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஹெட் ஆபீஸ்காரர்கள் வருகிறார்கள். சம்பந்தப்பட்ட எல்லோரும் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். இதோ அந்தத் தாள். மேலே என் பெயர் அச்சடித்திருக்கிறது, கீழே கையெழுத்துப் போட இடம். நடுவில் ஒன்றுமில்லை. ஜெபசிங் சார் நேற்று என்னிடம் வந்து, "நீங்க கண்டுபிடிச்சதை மட்டும் எழுதுங்க அம்சவேணி, போதும்" என்றார். அதை எழுதினால் எனக்கு இன்னொரு பரிசு கொடுத்தாலும் கொடுப்பார்கள். அவரை அனுப்பிவிடுவார்கள். உங்கள் அண்ணனும் பெண் கொடுக்க மாட்டார், சரிதானே?

நேற்று மாலை தீர்த்தகிரி என் இடத்துக்கு வந்தார். மிரட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அக்கா, ஊர்லேர்ந்து பொண்ணு வீட்டுக்காரங்க வருவாங்க. உங்க விலாசம் கொடுக்கட்டுமா?" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். ஆமாம், எனக்குத் தெரியும். நீங்கள் வருவீர்கள் என்று தெரியும். உங்கள் வாயால் கேட்க வேண்டும் என்றுதான் வந்ததும் கேட்டேன். ஒருவேளை இது அவர் திட்டமாக இருந்தால்? உங்களை அனுப்பி என்னைப் பேச வைப்பதுதான் நோக்கமாக இருந்தால்? இப்போது பாருங்கள், பேசிவிட்டேனே. இருபத்து இரண்டு நாளாக என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத உங்களிடம்.

என்ன கேட்டீர்கள்? அப்படித் திட்டம் போடுகிறவர், என் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே என்கிறீர்களா?

இருங்கள். கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

உங்களுக்கு இங்கிலீஷ் எழுத வருமா? தப்பில்லாமல் வருமா? என் மகளுக்கு வரும். அவளிடம் எப்படிக் கேட்பேன்? இந்தத் தாளில் நேராக எழுத வேண்டாம், முதலில் இந்தப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள், நான் பார்த்து எழுத்துக்கு எழுத்து எடுத்து எழுதிக்கொள்கிறேன். அது எனக்கு நன்றாக வரும். ஐந்தே வரி போதும். எழுதுங்கள்.

'பி' மருந்துகளுக்கு எண் போட்டது நான். ரூல்படி போடவில்லை. எண் திரும்ப வருமா என்று தீர்த்தகிரி என்னைக் கேட்டார். வராது என்று சொன்னேன். தேதி அவர் நோட்டில் இருக்கிறது.

எழுதியாயிற்றா? கொடுங்கள். நீங்கள் எழுதியது நான் சொன்னதுதானா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் மாப்பிள்ளை பார்க்க வந்தவர், உங்களுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். தமிழில் சொல்லிக் காட்டுங்கள். ஒவ்வொரு வார்த்தையாக, விரல் வைத்து.

ம். ம். சரி. ம்.

நில்லுங்கள். அது என்ன வார்த்தை? இதோ, 'வராது' என்பதற்கு முன்னால். நான் ஐந்து வரி சொன்னேன், இங்கே ஒரு வார்த்தை கூடுதலாக இருக்கிறது. "தெரியாமல்" என்றா எழுதினீர்கள்? "தெரியாமல் வராது என்று சொல்லிவிட்டேன்" என்றா?

நல்லதுக்குத்தான் எழுதினீர்கள், புரிகிறது. என் மேல் இரக்கப்பட்டு எழுதினீர்கள். ஆனால் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லையே அம்மா. சொல்லாத வார்த்தை பக்கத்தில் வரக்கூடாது.

எடுங்கள் அதை. தெரிந்துதான் சொன்னேன்.